கட்டட சைட்டில் பாதுகாப்பு ஆய்வு: கேட்டிலிருந்து மொட்டைமாடி வரை எதை எப்போது பார்ப்பது

கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கம் அடுக்குமாடி வீடுகள், சிப்காட் தொழிற்பேட்டை ஷெட்டுகள், கல்யாண மண்டபங்கள் என்று வாரந்தோறும் சைட் சுற்றுவது என் வேலை. புதிதாகச் சேரும் சைட் இன்ஜினியர்களையும் சூப்பர்வைசர்களையும் கூடவே அழைத்துப் போவேன். கேட்டைத் தாண்டியதும் அவர்கள் செய்யும் முதல் காரியம் பெரும்பாலும் ஒன்றுதான்: யார் தலையில் ஹெல்மெட் இல்லை என்று தேடுவது. தலை உடனே கண்ணில் படும், போட்டோ எடுக்கவும் சுலபம். அரை மணி நேரத்தில் பத்துப் போட்டோ சேர்ந்துவிடும். அதே நேரம் மூன்றாம் மாடியில், தடுப்பே இல்லாத விளிம்பில், ஒருவர் குனிந்தபடி பின்பக்கமாக நகர்ந்து கம்பி கட்டிக்கொண்டிருப்பார். அது ரிப்போர்ட்டில் வராது.

கீழே சொல்லும் வரிசைக்கு இரண்டு காரணங்கள் உண்டு. உயிரை எடுக்கக்கூடியவை முதலில் கண்ணில் பட வேண்டும். அப்புறம், ஆய்வுக்குப் போன ஆளே கரண்டிலோ சாரத்திலோ மாட்டிக்கொள்ளக் கூடாது. தரைத்தளத்துடன் நான்கைந்து மாடி வரையான சைட்டுக்கு இது போதும். டவர் கிரேன் நிற்கும் பெரிய வேலைகளுக்கு இன்னும் நிறைய வேண்டும்.

1. முதல் நாள் மாலையே போன் செய்யுங்கள்

மேஸ்திரியிடமோ சைட் இன்ஜினியரிடமோ கேட்க வேண்டிய கேள்விகள் நான்கு. நாளை என்ன வேலை? எதைப் பிரிக்கப் போகிறீர்கள்? வெளியிலிருந்து என்ன மிஷின் வருகிறது? புதிய ஆட்கள் யாராவது வந்திருக்கிறார்களா?

போன வாரம் பார்த்த சைட் இந்த வாரம் இருக்காது என்பதால்தான் இதைக் கேட்கிறோம். அச்சடித்த செக்லிஸ்ட்டை எடுத்துக்கொண்டு போனால், சுவர் எழும்பி முடிந்த இடத்தில் பள்ளத்தைத் தேடிக்கொண்டிருப்பீர்கள். "நாளைக்கு செப்டிக் டேங்க் பலகை பிரிக்கறோம் சார்" என்று ஒரு வரி காதில் விழுந்தால் அடுத்த நாள் திட்டமே மாறிவிடும்.

கையில் எடுத்துப் போக: ஹெல்மெட், அடியில் ஆணி ஏறாத ஷூ, டார்ச், 5 மீட்டர் டேப், பிளக்கில் சொருகிப் பார்க்கும் சாக்கெட் டெஸ்டர், சிவப்பு ரிப்பன், சாக்பீஸ், சின்ன நோட்டு. சாக்பீஸ் எதற்கு என்று எல்லோரும் கேட்பார்கள். தப்பைக் கண்ட இடத்திலேயே வட்டம் போட்டுத் தேதி எழுதிவிட்டால், "எந்தக் கட்டையைச் சொன்னீங்கன்னு தெரியல சார்" என்ற பேச்சுக்கே இடமிருக்காது.

இன்னொன்றை முன்கூட்டியே பேசி முடித்துக்கொள்ள வேண்டும். வேலையை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் உங்களுக்கு உண்டா? அதை உரிமையாளரோ கான்ட்ராக்டரோ மேஸ்திரியின் முன்னால் ஒருமுறை சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் நீங்கள் போட்டோ எடுக்க வந்தவர், அவ்வளவுதான்.

2. உள்ளே போகாமல் பத்து நிமிடம் வெளியே நில்லுங்கள்

காலை வேலை தொடங்குகிற நேரத்துக்கே போய்விடுங்கள். எதிர்ப்பக்கச் சாலையில் நின்று முழுக் கட்டடத்தையும் பாருங்கள். உள்ளே போய்விட்டால் மேலே போகிற மின்கம்பி கண்ணில் படாது. அந்தக் கம்பிதான் முதல் பார்வை.

கட்டடத்துக்கும் லைனுக்கும் இருக்க வேண்டிய இடைவெளி விதிப்படி இதுதான்: வீதியில் போகும் சாதாரண எல்.டி. (குறைந்த அழுத்த) லைனுக்கு மேல்பக்கம் 2.5 மீட்டர், பக்கவாட்டில் 1.2 மீட்டர். 11 கே.வி. (உயர் அழுத்த) லைன் என்றால் மேலே 3.7 மீட்டர், பக்கவாட்டில் 1.2 மீட்டர். இந்த அளவுகள் கட்டி முடித்த சுவருக்கு. கான்கிரீட்டுக்கான முழு நீள இரும்புக் கம்பி 12 மீட்டர் இருக்கும். அதைத் தோளில் வைத்துக்கொண்டு மாடியில் திரும்புகிற ஆளுக்கு 1.2 மீட்டர் ஒரு கணக்கே இல்லை. முன்னால் இருப்பவர் திரும்புவார், பின்முனை லைனில் போய் நிற்கும். உயர் அழுத்த லைனில் தொடவே வேண்டாம், நெருங்கினாலே கரண்ட் தாவும்.

லைன் பக்கமாகக் கம்பி ஏற்றுவதைப் பார்த்தால் அங்கேயே நிறுத்துங்கள். கட்டடத்தின் மறுபக்கம் ஏற்ற இடம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். கீழேயே வெட்டித் துண்டாக ஏற்றலாம். இரண்டும் முடியாதென்றால் ஈ.பி. ஆபீசில் எழுதிக் கொடுத்து, லைனை அணைத்த பிறகுதான் வேலை. லைன்மேனிடம் வாய்வார்த்தையாகச் சொல்லி வைத்திருக்கிறேன் என்பதை ஏற்காதீர்கள்.

அதே இடத்தில் நின்றபடி இன்னும் இரண்டு விஷயங்கள்: செங்கல், எம்-சாண்ட் இறக்கும் லாரி பின்பக்கமாக வரும்போது யார் சைகை காட்டுகிறார்? பக்கத்து வீட்டு காம்பவுண்டை ஒட்டிப் பள்ளம் தோண்டியிருக்கிறார்களா?

3. பள்ளம்: "இங்க மண்ணு கெட்டி சார்"

நம் பகுதியில் அடிக்கடி கேட்கும் வசனம் இது. பாதி உண்மையும்கூட. மேலே செம்மண், கொஞ்சம் கீழே சரளை, அதற்கடியில் பாறை. வெயில் காலத்தில் வெட்டினால் சுவர் மாதிரி நிற்கும். அந்தத் தைரியத்தில் ஆள் உயரத்துக்கு மேல் நேராக வெட்டிவிடுவார்கள். சித்திரை மாதத்தில் ஒரு ராத்திரி கோடைமழை பெய்தால் போதும், அடுத்த நாள் காலை பாளம் பாளமாகக் கழன்று வரும். ஒரு கன மீட்டர் மண் ஒன்றரை டன்னுக்கு மேல் எடை. இடுப்பளவு புதைந்தவரைக் கையால் இழுத்து எடுக்க முடியாது.

டேப்பை எடுத்து அளங்கள். ஆழம் 1.5 மீட்டரைத் தாண்டினால் பக்கங்களைச் சரிவாக வெட்டியிருக்க வேண்டும், அல்லது பலகையும் முட்டும் கொடுத்திருக்க வேண்டும். தோண்டிய மண்ணை விளிம்பிலேயே குவித்திருந்தால் 1.5 மீட்டராவது பின்னால் தள்ளச் சொல்லுங்கள். பள்ளம் ஆழமானால், ஆழத்தில் பாதியளவு தூரம். மண்குவியலின் எடைதான் விளிம்பை உள்ளே தள்ளுகிறது. ஜே.சி.பி. விளிம்பை ஒட்டி நின்றாலும் அதே கதைதான்.

விளிம்பிலிருந்து இரண்டடி தள்ளி மண்ணில் நீளமாக மயிரிழை விரிசல் ஓடுகிறதா என்று குனிந்து பாருங்கள். ஓடினால் உள்ளே இருப்பவர்களை உடனே ஏறச் சொல்லுங்கள். மற்ற பேச்சு அப்புறம். ஏறுவதற்கு ஏணி இருக்க வேண்டும் என்று சொல்வதும் இந்த ஒரு நிமிடத்துக்காகத்தான்.

பாறை வந்துவிட்டால் டிராக்டர் கம்ப்ரசர் வரும். உலர்ந்த பாறையில் துளை போடும்போது வெள்ளையாகக் கிளம்பும் தூசு நுரையீரலில் தங்கிவிடும். முகத்தில் கட்டும் துண்டு அதைத் தடுக்காது. துளையில் தண்ணீர் விட்டபடி போடச் சொல்லுங்கள், தூசுக்கான மாஸ்க்கும் வேண்டும். வெடி வைக்கும் வேலை என்றால் லைசென்ஸ் உள்ளவர் மட்டும்தான். வெடித்து முடிந்ததும் எத்தனை குழி போட்டார்கள், எத்தனை வெடித்தது என்ற கணக்கைக் கேளுங்கள். வெடித்தபின் மிஞ்சிய பழைய குழியின் அடிப்பகுதியில் மறுபடி துளை போடுவதை எந்தக் காரணத்துக்காகவும் விடாதீர்கள். வெடிக்காத மருந்து அதற்குள் கிடக்கலாம்.

4. கரண்ட்: இரும்பைத் தொடும் முன்

சாரத்தில் ஏறும் முன் இதை முடித்துவிடுங்கள். இரும்புச் சாரத்தில் ஒயர் உரசி நின்றால் அதை முதலில் தெரிந்துகொள்வது உங்கள் கையாக இருக்க வேண்டாம்.

தற்காலிக போர்டுக்குப் போய் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் தானே அணைக்கும் சுவிட்ச்) இருக்கிறதா என்று பாருங்கள். 30 மில்லி ஆம்பியர் என்று அதில் எழுதியிருக்க வேண்டும். டெஸ்ட் பட்டனை அழுத்துங்கள், சட்டென்று விழ வேண்டும். விழவில்லை என்றால் அது வெறும் பிளாஸ்டிக் டப்பா. விழுந்தாலும் எர்த் சரி என்று அர்த்தமில்லை. எர்த்தை சாக்கெட் டெஸ்டரில் தனியாகப் பார்க்க வேண்டும். அழுத்தும் முன் மேலே கட்டிங் மிஷின் ஓடுகிறதா என்று குரல் கொடுத்துவிடுங்கள்.

பிறகு ஒயரின் வழியே நடங்கள். போர்டில் ஆரம்பித்து மிஷின் வரை காலால் நடந்துதான் பார்க்க வேண்டும். புதியவர்கள் போர்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள், கோளாறு நடுவில் இருக்கிறது. பிளக் இல்லாமல் ஒயர் முனையைச் சாக்கெட்டில் விட்டுத் தீக்குச்சியால் இறுக்கியிருப்பார்கள். கான்கிரீட்டை நனைக்கும் கியூரிங் தண்ணீர் தேங்கிய இடத்தில் ஜாயின்ட் கிடக்கும். ஜாயின்ட்டில் டேப் சுற்றியிருந்தாலும் தண்ணீரில் கிடந்தால் அது ஜாயின்ட்டே கிடையாது. வைப்ரேட்டர் (கான்கிரீட்டை அதிர்த்து இறுக்கும் மிஷின்) ஒயரைக் கூடுதல் கவனத்தோடு பாருங்கள். அதைப் பிடித்திருப்பவர் ஈரக் கான்கிரீட்டில், கம்பிமேல் நிற்பவர்.

5. சாரம்: அடியிலிருந்து மேலே

அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இது. எனக்கே இங்கேதான் பாடம் கிடைத்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், சவுக்குக் கட்டையில் கட்டிய சாரத்தில் இரண்டாவது தட்டுக்கு ஏறி, போட்டோ எடுக்கக் குறுக்குக் கட்டையில் சாய்ந்தேன். கட்டை என்னோடு சேர்ந்து வெளியே வந்தது. கயிறு மழையில் நனைந்து வெயிலில் காய்ந்து இற்றுப்போயிருந்தது, தொட்டால் நார் நாராக உதிர்ந்தது. பக்கத்தில் நின்ற கொத்தனார் என் பெல்ட்டைப் பிடித்து இழுத்தார். "ஏறதுக்கு முன்னாடி கட்டைத் தட்டிப் பாக்கணும்ணா" என்றார். அன்றிலிருந்து ஏறும் முன் கீழேயே கால் மணி நேரம் நிற்கிறேன்.

முதலில் பாதம். சாரத்தின் கால் எதன்மேல் நிற்கிறது? உடைந்த ஹாலோபிளாக், அடுக்கிய செங்கல், கொட்டிய மண் என்றால் ஏறாதீர்கள். பிளாக் உள்ளே வெற்று. எடை ஒரு புள்ளியில் இறங்கினால் நொறுங்கும். அகலமான பலகை போட்டு அதன்மேல் கால் நிற்க வேண்டும்.

இரண்டாவது, சாரத்தையும் சுவரையும் இணைக்கும் கட்டு. புதியவர்கள் தவறவிடுவது இதைத்தான். சாரம் கட்டியவர்கள் ஒழுங்காகவே கட்டியிருப்பார்கள். பூச்சு வேலைக்கு வந்தவர்கள், சுவரில் கட்டு இருக்கும் இடத்தைப் பூச முடியவில்லை என்று அவிழ்த்துவிடுவார்கள். பூசி முடித்து அடுத்த பக்கம் போய்விடுவார்கள், கட்டைத் திரும்பப் போட ஆள் இருக்காது. இப்படியே நாலு நாளில் முழுச் சாரமும் தன் காலில் மட்டும் நிற்கும். பார்க்க எந்த வித்தியாசமும் தெரியாது. ஆகவே "சாரம் கட்டினது யார்" என்று கேட்பதோடு, "பூச்சு ஆட்கள் எதை அவிழ்த்தார்கள்" என்றும் கேளுங்கள். பச்சை வலை கட்டிய சாரம் என்றால் கவலை இரட்டிப்பு. ஆடிக்காற்றில் வலை பாய்மரமாகிவிடும், கட்டு அவிழ்ந்த சாரத்தை அப்படியே வெளியே இழுக்கும்.

மூன்றாவது, நிற்கும் தட்டு. ஒற்றைப் பலகையில் நடப்பது சர்க்கஸ். இடைவெளி இல்லாமல் பலகைகள் நெருக்கமாக இருக்க வேண்டும். பலகையின் முனை தாங்குகட்டையைத் தாண்டி அதிகம் நீண்டிருந்தால் அங்கே மிதித்தவுடன் மறுமுனை தூக்கிக்கொள்ளும். கட்டியிருக்கிறதா என்று பாருங்கள். வெளிப்பக்கம் சுமார் 1 மீட்டர் உயரத்தில் கைப்பிடிக் கட்டை, அதற்கும் பலகைக்கும் நடுவில் இன்னொன்று, பாதத்தருகே 15 சென்டிமீட்டர் உயரப் பலகை. அந்தப் பாதப்பலகை மேலே நிற்பவரைவிட, கீழே போகிறவருக்காக. கரண்டியோ அரை செங்கல்லோ உருண்டு விழாது.

ஏணி: 4 அடி உயரத்துக்கு 1 அடி தள்ளி அடிப்பகுதி இருக்க வேண்டும். மேலே இறங்கும் தளத்துக்கு 1 மீட்டர் மேலாக நீண்டு, கட்டியும் இருக்க வேண்டும். ஏணி இல்லாமல் குறுக்குக் கட்டைகளில் தொற்றி ஏறுகிறார்கள் என்றால் அவர்களைத் திட்டிப் பயனில்லை. ஏணி எங்கே என்று மேஸ்திரியிடம் கேளுங்கள்.

6. விளிம்பு, ஓட்டை, கூரை ஷீட்

ஒவ்வொரு தளத்திலும் முதலில் சுற்று விளிம்பு, அடுத்து லிப்ட் குழி, படிக்கட்டுப் பக்கம், பைப் போகும் டக்ட். தடுப்பு இருந்தால் கையால் தள்ளிப் பாருங்கள். ரிப்பன் மட்டும் கட்டியிருந்தால் அது தடுப்புக் கணக்கில் வராது.

ஓட்டையின்மேல் பிளைவுட் போட்டிருப்பார்கள். அதைப் பார்த்ததும் "மூடியிருக்கிறது" என்று டிக் அடித்துவிடாதீர்கள். சும்மா போட்ட பிளைவுட் திறந்த ஓட்டையைவிட மோசம். நடப்பது இப்படி: சென்ட்ரிங் (கான்கிரீட்டைத் தாங்கும் அச்சு) வேலைக்குப் பலகை தேவைப்படும் ஒருவர் வருவார். தரையில் நல்ல பிளைவுட் ஒன்று கிடக்கும். குனிந்து இரண்டு கையாலும் தூக்கி முகத்துக்கு நேரே பிடிப்பார். அதைச் சுமந்துகொண்டு ஓரடி முன்னால் வைப்பார். அந்த அடியில் தரை இருக்காது. எனவே பலகை நான்கு மூலையிலும் அடிக்கப்பட்டிருக்கிறதா என்று காலால் தள்ளிப் பாருங்கள். மேலே "ஓட்டை" என்று பெயின்டில் எழுதி, படிக்கத் தெரியாதவர்களுக்காகப் பெருக்கல் குறியும் போடச் சொல்லுங்கள்.

பெல்ட் பற்றி: இடுப்பில் மட்டும் கட்டுவது வேண்டாம். தோள், தொடை எல்லாம் சேர்த்துப் பிடிக்கும் முழு உடல் பெல்ட் வேண்டும். பெல்ட் போட்டிருக்கிறாரா என்பதைவிட, கொக்கியை எதில் மாட்டியிருக்கிறார் என்பதுதான் கேள்வி. கொக்கி தலைக்கு மேலே, ஆளின் எடை விழுந்தாலும் தாங்கும் இடத்தில் இருக்க வேண்டும். பி.வி.சி. பைப்பிலும் சாரத்தின் கைப்பிடியிலும் மாட்டியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். இன்னொரு கணக்கும் உண்டு. 1.8 மீட்டர் கயிறு, அதிர்வைத் தாங்க விரியும் பகுதி ஒரு மீட்டருக்கு மேல், ஆளின் உயரம், கொஞ்சம் இடைவெளி எல்லாம் கூட்டினால் கொக்கியிலிருந்து தரைக்குக் கிட்டத்தட்ட 6 மீட்டர் வேண்டும். முதல் மாடி விளிம்பில் இந்தக் கயிறு ஆளைப் பிடிக்கும் முன் தரை வந்துவிடும். அங்கே தடுப்புதான் வழி.

ஓசூர் சிப்காட் பக்கம் ஷெட் வேலை என்றால் கூரைக்கு வெளிச்சத்துக்காகப் போடும் ஃபைபர் ஷீட்டைத் தனியாகக் குறியுங்கள். தூசு படிந்தபின் இரும்பு ஷீட்டுக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது, மிதித்தால் உடையும். நடக்க, ஷீட்டைத் தாங்கும் குறுக்கு இரும்பான பர்லின்மேல் பலகை, ஷீட்டுக்குக் கீழே வலை.

7. சென்ட்ரிங்: போடும் நாளும் பிரிக்கும் நாளும்

கான்கிரீட் போடும் முன்னால் கீழே போய் ஜாக்கிகளின் (சென்ட்ரிங்கைத் தாங்கும் இரும்பு முட்டுகளின்) அடியைப் பாருங்கள். மண்ணில் நேராக நிற்கிறதா, செங்கல்மேல் நிற்கிறதா, உயரம் போதாமல் ஒன்றின்மேல் ஒன்று வைத்திருக்கிறார்களா? தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தால் சாய்வு தெரியும். குறுக்குக் கட்டு இல்லாத ஜாக்கிகள், பம்ப் கான்கிரீட் ஒரே இடத்தில் குவியும்போது சாய ஆரம்பிக்கும். போடும் நேரத்தில் கீழே நிற்கலாமென்றால் அது ஜாக்கி பார்க்கும் ஓரிருவர் மட்டும், அவர்களும் ஓரத்தில். டீ குடிக்கும் கூட்டம் அங்கே இருக்கக் கூடாது, நிழல் இருக்கிறது என்பதால் சரியாக அங்கேதான் உட்கார்வார்கள்.

பிரிப்பதில் அவசரம் எங்கிருந்து வருகிறது என்பதைப் புரிந்துகொள்ளுங்கள். ஷீட்டும் ஜாக்கியும் வாடகை, அல்லது அடுத்த சைட்டில் காத்திருக்கிறார்கள். சாதாரண சிமென்ட்டுக்கு, கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 456 சொல்லும் கணக்கு: தாங்கும் இடங்களுக்கு நடுவே 4.5 மீட்டர் வரை தூரமுள்ள ஸ்லாபுக்கு முட்டுகள் 7 நாள், அதற்கு மேல் 14 நாள். பீமுக்கு 6 மீட்டர் வரை 14 நாள், அதற்கு மேல் 21 நாள். கான்கிரீட் போட்ட தேதியை பீமின் பக்கத்திலேயே எழுதி வைத்தால் வாக்குவாதம் மிச்சம். சன்ஷேடு, பால்கனி போன்ற நீட்டிய பகுதிகளில் வெளிமுனையிலிருந்து ஆரம்பித்துச் சுவர்ப்பக்கம் வர வேண்டும். மாற்றிச் செய்தால் ஸ்லாப் தாங்கத் தெரியாத விதத்தில் எடை ஏறி முறியும்.

ஒருமுறை கான்கிரீட் போட்டு மூன்றாம் நாள், ஸ்லாபுக்கு அடியில் இரண்டு ஜாக்கிகளுக்கு நடுவே தூளி ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. உள்ளே ஆறேழு மாதக் குழந்தை. அம்மா மேலே தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். சித்தாள் வேலைக்கு வருகிறவர்கள் கைக்குழந்தையை வேறெங்கே விடுவார்கள்? "எடும்மா" என்று சத்தம் போட்டால் அடுத்த சைட்டில் இன்னும் மறைவாகக் கட்டுவார். கேட் பக்கம் ஒரு தகரக் கொட்டகை போட்டு, ஒரு பெண்ணை அரை வேலைக்கு அங்கே உட்கார வைத்தார்கள். அது ரிப்போர்ட்டில் போட வேண்டிய விஷயம்தான்.

8. செப்டிக் டேங்க், சம்ப்: இறங்கும் முன்

"புதுத் தொட்டிதானே சார், இன்னும் எதுவுமே விழலையே." இந்த வார்த்தையை நம்பி இறங்கி இறந்தவர்கள் இருக்கிறார்கள். மேல் ஸ்லாப் போட்டு வாரக்கணக்கில் மூடிக் கிடக்கும் தொட்டிக்குள் ஈரப் பலகையும் தேங்கிய தண்ணீரும் இருக்கும். மரம் மக்க மக்க உள்ளிருக்கும் ஆக்சிஜனைத் தின்றுவிடும். வாடையே இருக்காது. சாதாரணக் காற்றில் ஆக்சிஜன் 20.9 சதவீதம். 19.5க்குக் கீழே போனால் இறங்கக் கூடாது. மிகவும் குறைந்திருந்தால் இரண்டு மூச்சில் ஆள் சரிவார், கத்தக்கூட நேரமிருக்காது. மேலே நிற்பவர் வழுக்கி விழுந்தார் என்று நினைத்துத் தூக்கப் போவார். அப்படித்தான் ஒன்று இரண்டாகி, இரண்டு மூன்றாகிறது.

வரிசை இப்படி இருக்கட்டும். எல்லா மூடிகளையும் திறங்கள். தண்ணீரை இறைத்து வெளியேற்றுங்கள். புளோயரின் குழாயை அடிவரை விட்டு வெளிக்காற்றை ஊதுங்கள். இறங்கும் முன் கேஸ் மீட்டரைக் கயிற்றில் கட்டி மேல், நடு, அடி என மூன்று இடத்தில் அளங்கள். ஆள் உள்ளே இருக்கும்வரை புளோயர் ஓட வேண்டும். உடம்பில் பெல்ட், அதில் கயிறு, கயிற்றின் மறுமுனை மேலே இருப்பவர் கையில். மேலே இருப்பவருக்கு ஒரே கட்டளை: என்ன நடந்தாலும் இறங்காதே, கயிற்றை இழு, கத்து.

மெழுகுவத்தி, அரிக்கேன் விளக்கு விட்டுப் பார்க்கும் வழக்கம் இங்கே உண்டு. சுடர் அணையாத அளவு ஆக்சிஜன் மனிதனுக்குப் போதாமல் போகலாம். விஷ வாயு இருந்தால் சுடர் காட்டாது, எரியும் வாயு இருந்தால் பற்றிக்கொள்ளும். மீட்டர் இல்லையா, இன்று இறங்க வேண்டாம்.

9. மிஷின்கள்

இதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். கட்டிங் மிஷினில் மேல் கவசம் இருக்கிறதா, மரம் அறுக்கும் பிளேடை கிரைண்டரில் மாட்டியிருக்கிறார்களா, மிக்சரின் பெல்ட்டுக்கு மூடி உண்டா, கான்கிரீட் லிப்ட்டின் கயிற்றில் இழை அறுந்து முள்ளாக நிற்கிறதா. லிப்ட்டில் ஆள் ஏறிப் போகிறாரா என்பதை நீங்கள் நிற்கும்போது பார்க்க முடியாது. படிக்கட்டு கட்டி முடிந்ததா, இடையில் ஜல்லி கொட்டி அடைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். படியில் ஏற வழியில்லை என்றால் லிப்ட்டில்தான் போகிறார்கள்.

10. ஆட்களிடம் பேசுங்கள், மேஸ்திரி இல்லாதபோது

நம் சைட்டுகளில் பீகார், ஒடிசா, வங்காளத்திலிருந்து வந்தவர்கள் நிறைய. ஓசூர் பக்கம் தெலுங்கும் கன்னடமும் கேட்கும். "புரியுதா?" என்று தமிழில் கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். தலையாட்டுவதைப் பதிலாக எடுக்காதீர்கள். கொக்கியை எங்கே மாட்டுவாய், காட்டு என்று செய்துகாட்டச் சொல்லுங்கள். அவர்களுக்குள் இரண்டு மொழியும் தெரிந்த ஒருவர் இருப்பார், அவரைக் கூட வைத்துக்கொள்ளுங்கள்.

நான் எல்லோரிடமும் கேட்பது ஒன்றுதான்: "நேற்று எது விழப் பார்த்தது?" விழுந்ததைக் கேட்டால் மறைப்பார்கள், விழப் பார்த்ததைச் சிரித்துக்கொண்டே சொல்லிவிடுவார்கள்.

குடிதண்ணீர் எங்கே, மதியம் எங்கே உட்காருகிறார்கள், பெண்களுக்குக் கழிப்பிடம் உண்டா என்பதையும் பாருங்கள். ஏப்ரல், மே மாதங்களில் தர்மபுரி வெயிலில் தண்ணீர் மூன்று மாடி கீழே இருந்தால் ஆள் குடிக்காமலே வேலை செய்வார். தலைசுற்றல் விளிம்பில்தான் வரும். வேலை இருக்கும் தளத்திலேயே தண்ணீர் வையுங்கள்.

அவசரத்துக்கு: 108க்குப் பேசுகிறவருக்கு சைட் இருக்கும் இடத்தை அடையாளத்தோடு சொல்லத் தெரிய வேண்டும். தெரு, அருகிலிருக்கும் கோயில், கேட் எந்தப் பக்கம் என்பதைத் தமிழிலும் இந்தியிலும் போர்டுக்குப் பக்கத்தில் எழுதி ஒட்டச் சொல்லுங்கள். உயரத்திலிருந்து விழுந்தவரைக் கை காலைப் பிடித்துத் தூக்கி ஆட்டோவில் மடக்கிப் போடக் கூடாது என்பதையும் அன்றே சொல்லிவிடுங்கள். முதுகெலும்பு உடைந்திருந்தால் அந்தத் தூக்கலில்தான் கால் போகும்.

11. எழுதுவது, மாலை திரும்பிப் பார்ப்பது

முன்பு நான் நாற்பது குறைகள் எழுதிக் கொடுத்த ரிப்போர்ட் ஒன்று, அடுத்த வாரம் போனபோது சிமென்ட் மூட்டைக்கு அடியில் மடங்கிக் கிடந்தது. நாற்பதில் எதை முதலில் செய்வது என்று அந்த மேஸ்திரிக்குத் தெரியவில்லை, நானும் சொல்லியிருக்கவில்லை. இப்போது மூன்று தலைப்பு மட்டும்: இப்போதே நிறுத்தியது, இன்று மாலைக்குள், இந்த வாரத்துக்குள். முதல் தலைப்பில் இருப்பவற்றை எழுதும் முன்பே வாயால் சொல்லி நிறுத்தியிருக்க வேண்டும்.

"சாரம் பாதுகாப்பாக இல்லை" என்று எழுதினால் யாருக்கும் பயனில்லை. "வடக்குப் பக்கச் சாரம், இரண்டாம் தட்டு, சுவர்க் கட்டு மூன்று இடத்தில் அவிழ்ந்துள்ளது. பூச்சு மேஸ்திரி இன்று 4 மணிக்குள் கட்ட வேண்டும். அதுவரை யாரும் ஏற வேண்டாம்" என்று எழுதுங்கள். இடம், குறை, ஆள், நேரம் நான்கும் ஒரே வரியில் வந்துவிடும். பக்கத்தில் மேஸ்திரியின் கையெழுத்து, ஒரு நகல் அவரிடம்.

மாலை 4 மணிக்கு அதே இடத்தில் நின்று, காலையில் எடுத்த கோணத்திலேயே போட்டோ எடுங்கள். சாக்பீஸ் வட்டத்துக்குள் கயிறு ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு அந்த வரியை அடியுங்கள். போனில் "ஆச்சு சார்" என்று வந்ததற்காக அடிக்க வேண்டாம்.

வாரம் ஒருமுறை என்பது சாதாரணக் கணக்கு. ராத்திரி மழை பெய்தால், பலத்த காற்று அடித்தால், சாரம் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கம் மாறினால் அடுத்த நாள் காலை வேலை தொடங்கும் முன்பே போக வேண்டும். பொங்கல், தீபாவளி, சத் பூஜை விடுமுறை முடிந்து ஆட்கள் திரும்பும் நாளையும் நோட்டில் குறித்து வையுங்கள். பழைய ஆட்களில் பாதிப்பேர் வந்திருக்க மாட்டார்கள், அவர்கள் இடத்தில் வந்தவர்களுக்கு லிப்ட் குழி எந்தப் பக்கம் என்றே தெரியாது. அன்று முதல் அரை மணி நேரம் வேலையை ஆரம்பிக்காமல், எல்லோரையும் தளம் தளமாக அழைத்துப் போய் ஒவ்வொரு ஓட்டையையும் கையால் காட்டிவிடுங்கள்.